கட்டம் மட்டும் மாறுது, அதை எப்படி எழுதி வைக்கறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஹெச்டிஎம்எக்ஸ் பத்தி ஒரு கேள்விக்கு பதில் எழுதியிருந்தேன். முழு பக்கத்தையும் ரீலோட் பண்ணாம, அதுல ஒரு கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் சர்வர்லேருந்து வாங்கி அங்கயே மாத்திப் போடற டூல் அது. அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே ரகம்: டூல் புரிஞ்சிடுச்சு, கூட வேலை செய்யறவங்களுக்கு புரியற மாதிரி எழுதி வைக்கத்தான் வரல. அதனால இந்த மாசம் முழுக்க டாகுமென்டேஷன்தான்.

கேள்வி: சார், நாங்க 6 பேர் டீம், கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் பண்றோம். ஹெச்டிஎம்எக்ஸுக்கு மாறி ஒரு வருஷம் ஆச்சு. புதுசா சேர்றவங்களுக்காக ஒவ்வொரு அட்ரிபியூட்டும் (பட்டன் மாதிரி எலிமென்ட்டுக்குள்ள எழுதற குறிப்பு) என்ன செய்யும்னு 30 பக்கத்துக்கு எழுதி வச்சேன். யாரும் அதைப் பாத்து வேலை செய்யறதில்ல, எல்லாரும் என் டேபிளுக்கே வந்து நிக்கறாங்க. எங்க தப்பு பண்ணேன்? அந்த பக்கங்களையும் இணைச்சிருக்கேன்.

பதில்: நீங்க அனுப்பின 30 பக்கத்தையும் ஒரு சாயந்திரம் உக்காந்து படிச்சேன். எழுதியிருக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஹெச்எக்ஸ்-கெட் போட்டா சர்வர்கிட்ட கேக்கும், ஹெச்எக்ஸ்-டார்கெட் எந்த இடத்துல போடணும்னு சொல்லும், ஹெச்எக்ஸ்-ஸ்வாப் எப்படி போடணும்னு சொல்லும், எல்லாம் சரியா இருக்கு. ஆனா அந்த 30 பக்கத்துல ஒரு இடத்துல கூட சர்வர் திருப்பி என்ன அனுப்புச்சுன்னு நீங்க காட்டவே இல்ல. அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க.

யோசிச்சுப் பாருங்க, ரியாக்ட்ல (பிரௌசர்லயே பக்கத்தைக் கட்டற ஜாவாஸ்கிரிப்ட் டூல்) பழகின பையன் ஒருத்தன் உங்க டீமுக்கு வர்றான்னு வைங்க, அவனுக்கு சர்வர்னாலே ஜேசான்தான், அதாவது டிசைன் இல்லாத வெறும் தகவல், உங்க டாகுமென்ட்ல இருக்கற மாதிரியே அட்ரிபியூட் எல்லாம் கரெக்டா போட்டுட்டு சர்வர்லேருந்து ஜேசானை அனுப்புவான், பட்டனை அமுக்கினா கட்டத்துக்குள்ள பிராக்கெட்டும் கோட்டேஷன் மார்க்கும் விலையுமா பச்சையா வந்து விழும். அவன் மறுபடி உங்க பக்கத்தைப் பாப்பான், அட்ரிபியூட்ல தப்பே இல்ல. அப்புறம் உங்க டேபிளுக்கு வராம எங்க போவான்? இந்த டூலுக்கு ஜேசான் வேண்டாம், அந்தக் கட்டத்துக்குள்ள என்ன தெரியணுமோ அதையே பக்கத்தை எழுதற மொழியான ஹெச்டிஎம்எல்லா அனுப்பணும்னு முதல் பக்கத்துல இருக்கணும், சும்மா சொன்னா மட்டும் போதாது, அனுப்பற ஹெச்டிஎம்எல்லை எழுத்து விடாம காட்டணும்.

உங்க சாஃப்ட்வேர்லேருந்தே ஒண்ணு சொல்றேன். பொன்னி அரிசிக்கு ஒரு கார்டு, சுத்தி ஒரு பார்டர், உள்ள "ஸ்டாக் 50 மூட்டை"ன்னு இருக்கு, கீழ "புதுப்பி"ன்னு ஒரு பட்டன். பட்டன்ல டார்கெட்டுக்கு "க்ளோசஸ்ட்"னு போட்டு கிட்டத்துல இருக்கற கார்டுன்னு சொல்லியிருக்கீங்க. ஹெச்எக்ஸ்-ஸ்வாப் எதுவும் போடல. சர்வர் 48 மூட்டைன்னு போட்ட புது கார்டை பார்டரோட பட்டனோட முழுசா அனுப்புது. இப்ப என்ன ஆகும்? ஸ்வாப் எதுவும் சொல்லலன்னா டூல் இன்னர்ஹெச்டிஎம்எல்னுதான் எடுத்துக்கும், அதாவது கார்டை அப்படியே விட்டுட்டு அதுக்கு உள்ள இருக்கறதை மட்டும் எடுத்துட்டு அந்த இடத்துல புதுசை வைக்கும். ஆக கார்டுக்குள்ள ஒரு கார்டு. திரும்ப அமுக்கினா உள்ள இருக்கற பட்டனுக்கு கிட்டத்துல இருக்கறது உள் கார்டு, அதனால அதுக்குள்ள இன்னொண்ணு. அஞ்சு தடவை அமுக்கினா அடுக்கு டப்பா மாதிரி பார்டருக்குள்ள பார்டரா போயி நடுவுல அரிசி பேரு சுருங்கி உக்காந்திருக்கும். ஸ்வாப்புக்கு அவுட்டர்ஹெச்டிஎம்எல்னு ஒரு வார்த்தை போட்டா தீர்ந்தது, இல்லன்னா சர்வர் கார்டோட உள்பாகத்தை மட்டும் அனுப்பணும். ரெண்டும் சரிதான், ஆனா அட்ரிபியூட்டும் பதிலும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். உங்க 22ஆம் பக்கத்துல அவுட்டர்ஹெச்டிஎம்எல் பத்தி எழுதியிருக்கீங்க, நல்லாவே எழுதியிருக்கீங்க, ஆனா பக்கத்துலயே பதிலை வச்சுக் காட்டாததால படிக்கறவங்களுக்கு எப்ப எதைப் போடணும்னு பிடிபடல.

அதனால அட்ரிபியூட் வாரியா எழுதினதை தூக்கிப் போடாதீங்க, அது கடைசில இருக்கட்டும், பேரு மறந்தவங்க தேடிப் பாக்க. முன்னாடி உங்க ஆபீஸ்ல நிஜமாவே அடிக்கடி பண்ற வேலை ஒரு ஏழெட்டு எடுத்துக்கோங்க, விலை மாத்தறது, ஐட்டம் தேடறது, ஒரு வரியை டெலீட் பண்றது, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் அமுக்கறதுக்கு முன்னாடி பக்கம் எப்படி இருந்துச்சு, சர்வருக்கு என்ன போச்சு, சர்வர் என்ன அனுப்புச்சு, அப்புறம் பக்கம் எப்படி ஆச்சுன்னு நாலையும் ஒரே இடத்துல கண்ணுக்குத் தெரியற மாதிரி வைங்க. ஹெச்டிஎம்எக்ஸோட சொந்த சைட்ல எக்ஸாம்பிள்ஸ் பகுதியைத் திறந்து பாருங்க, "கிளிக் டு எடிட்"னு ஒண்ணு இருக்கும், பேரும் ஈமெயிலும் இருக்கற ஒரு கட்டம், எடிட் அமுக்கினா அதே இடத்துல ஃபார்மா மாறும். அந்த பக்கத்துக்கு அடியில சர்வர் ரிக்வெஸ்ட்ஸ்னு ஒரு பட்டை இருக்கும், அதைத் திறந்தா நீங்க அமுக்க அமுக்க என்ன போச்சு என்ன வந்துச்சுன்னு வரிசையா காட்டும். நான் இந்த டூலை உருப்படியா கத்துக்கிட்டதே அந்த பட்டையிலதான்.

இன்னொண்ணு, எழுதாம விட்டா என்ன ஆகும்னு தனியா ஒரு பக்கம் வைங்க. ஸ்வாப் எழுதலன்னா இன்னர்ஹெச்டிஎம்எல். டார்கெட் எழுதலன்னா அமுக்கின எலிமென்ட்டுக்குள்ளயே வந்து விழும், பட்டனுக்குள்ள டேபிள் வந்து உக்காந்த கதையெல்லாம் இதனாலதான். ட்ரிக்கர், அதாவது எது நடந்தா சர்வர்கிட்ட கேக்கணும்ங்கறது, எழுதலன்னா ஃபார்முக்கு சப்மிட், இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியாவுக்கு சேஞ்ச், மத்த எல்லாத்துக்கும் கிளிக். அப்புறம் மேல இருக்கற டிவ்ல (மத்த எலிமென்ட்டுகளை உள்ள வச்சிருக்கற கட்டம்) போட்ட டார்கெட் கீழ இருக்கற எல்லாத்துக்கும் பொருந்தும், யாரோ ஆறு மாசம் முன்னாடி மேல எங்கயோ போட்டது இன்னிக்கு உங்க பட்டனை இழுத்துட்டுப் போகும். கோட்ல கண்ணுக்குத் தெரியற விஷயத்தை யார் வேணா படிச்சுக்குவாங்க, தெரியாததுக்குத்தான் டாகுமென்ட் வேணும்.

கேள்வி: நான் கல்லூரியில இரண்டாம் வருஷம். இந்த மாதிரி ஒரு பகுதியை மட்டும் மாத்தறது புது டெக்னாலஜியா அண்ணா? எப்ப வந்துச்சு?

பதில்: புதுசு இல்ல தம்பி. பக்கம் ரீலோட் ஆகாம பின்னாடி சர்வர்கிட்ட கேக்கற எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட்ங்கற சமாச்சாரம் 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5லயே வந்துடுச்சு, அவுட்லுக்கை பிரௌசர்ல ஓட்டறதுக்காக மைக்ரோசாஃப்ட் பண்ணினது. 2004ல ஜிமெயில் வந்தப்போ பக்கம் ரீலோட் ஆகாமலே மெயில் திறக்கறதைப் பாத்து எல்லாருக்கும் ஆச்சரியம், 2005 பிப்ரவரில ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு அஜாக்ஸ்னு பேர் வச்சாரு. ஹெச்டிஎம்எக்ஸ் பண்ணினவர் அமெரிக்காவுல மொன்டானாவுல இருக்கற கார்சன் கிராஸ், அவர் 2013ல இன்டர்கூலர்னு ஒண்ணு பண்ணினாரு, அதுலேருந்து வந்ததுதான் 2020 நவம்பர்ல வெளியான ஹெச்டிஎம்எக்ஸ் 1.0. ரூபி ஆன் ரெயில்ஸ்ங்கற வெப் ஃபிரேம்வொர்க்ல வேலை செய்யறவங்களுக்கு டர்போன்னு இதே ரகத்துல ஒண்ணு இருக்கு. உனக்கு நேரம் இருந்தா முதல்ல டூல் எதுவும் இல்லாம வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல, சர்வர்கிட்ட கேக்கற ஃபெட்ச் வச்சு ஒரே ஒரு டிவை மாத்திப் பாரு, அப்புறம் டூலுக்கு வா, சீக்கிரம் புரியும்.

கேள்வி: எங்க அப்ளிகேஷன்ல யாராவது டீ குடிச்சுட்டு வந்து பட்டனை அமுக்கினா சின்ன கட்டத்துக்குள்ள முழு லாகின் பக்கமும் லோகோவோட வந்து உக்காருது. டூல்ல பக் இருக்கா? இதையெல்லாம் டாகுமென்ட்ல எழுதணுமா?

பதில்: பக் இல்லீங்க. செஷன், அதாவது லாகின் ஆகி இருந்த நேரம், முடிஞ்சு போச்சு, சர்வர் வழக்கம்போல லாகினுக்குப் போன்னு 302 ரீடைரக்ட் சொல்லுது, பிரௌசர் அதை டூலுக்குத் தெரிவிக்காம தானே பின்னாடி போயி லாகின் பக்கத்தை எடுத்துட்டு வந்து 200 ஓகேன்னு (எல்லாம் சரின்னு அர்த்தம்) கையில குடுக்குது. டூலைப் பொறுத்தவரைக்கும் கேட்ட பதில் வந்துடுச்சு, போட்டுட வேண்டியதுதான். இதுக்கு வழி, ஹெச்டிஎம்எக்ஸ்லேருந்து வர்ற ரிக்வெஸ்ட்ல ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்ட்னு ஒரு ஹெடர் (கூடவே போற குறிப்பு) ட்ரூன்னு இருக்கும், சர்வர் அதைப் பாத்து 302 அனுப்பாம சாதாரண 200 பதில்ல ஹெச்எக்ஸ்-ரீடைரக்ட்னு ஒரு ஹெடர்ல லாகின் முகவரியை வச்சு அனுப்பணும், அப்ப முழு பக்கமும் லாகினுக்குப் போயிடும். 300 வரிசை பதில்ல இந்த ஹெடரை வச்சா டூல் கண்ணுல படவே படாது, அதையும் எழுதுங்க.

டாகுமென்ட்ல எழுதணுமான்னா, கண்டிப்பா எழுதணும், அதுவும் முன்னாடியே எழுதணும். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனில இந்த மாதிரி டூலுக்கு டாகுமென்ட் பண்ற வேலை எனக்கு வந்துச்சு, எல்லாம் நல்லபடியா நடந்தா எப்படி இருக்கும்னு மட்டும் அழகா படம் போட்டு எழுதினேன். ஃபார்ம்ல தப்பா எதையாவது நிரப்பினா சர்வர் 422ன்னு (நிரப்பினது சரியில்லன்னு அர்த்தம்) பதில் சொல்லும், கூடவே "போன் நம்பர் 10 இலக்கம் இருக்கணும்"னு சிவப்பு எழுத்துல மெசேஜும் அனுப்பும். ஆனா 400, 500 வரிசைல வர்ற பிழை பதில் எதையும் ஹெச்டிஎம்எக்ஸ் தானா பக்கத்துல போடாது. அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் எழுதல, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். கவுன்ட்டர்ல உக்காந்திருந்த அம்மா சேவ் பட்டனை அமுக்கறாங்க, ஒண்ணும் நடக்கல, மறுபடி அமுக்கறாங்க, ஒண்ணும் நடக்கல, முன்னாடி க்யூ நீண்டுட்டே போகுது, மெசேஜ் சர்வர்லேருந்து ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா வந்துட்டுத்தான் இருந்துச்சு, பக்கத்துலதான் ஏறல. அன்னிக்கு போன்ல அவங்க குரல் இன்னும் என் காதுல இருக்கு. இப்ப நான் எந்த எக்ஸாம்பிள் எழுதினாலும் அதுக்குக் கீழயே தப்பான பதில் வந்தா என்ன தெரியும், செஷன் போனா என்ன தெரியும், நெட் கட்டானா என்ன தெரியும்னு மூணையும் எழுதாம விடறதில்ல. 422ஐ பக்கத்துல போடணும்னா 2.0 வெர்ஷன்ல ரெஸ்பான்ஸ்ஹேண்ட்லிங்னு கான்ஃபிக் (செட்டிங்) இருக்கு, எந்த பதில் நம்பருக்கு ஸ்வாப் பண்ணணும்னு அதுல சொல்லலாம். உங்க டீம் எதை செட் பண்ணியிருக்குன்னு ஒரு வரி எழுதி வச்சிட்டா போதும்.

கேள்வி: ஸ்வாப், டார்கெட், ட்ரிக்கர் இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன எழுதறது? தமிழ்லதான் டாகுமென்ட் பண்ணணும்னு எனக்கு ஆசை.

பதில்: ஆசை நல்ல ஆசைங்க, விட்டுடாதீங்க. கோட்ல இருக்கற பேரை மட்டும் மாத்தாதீங்க, இடமாற்றுன்னு எழுதினா படிக்கறவர் கோட்ல அதைத் தேடிட்டிருப்பாரு. ஸ்வாப்னு எழுதிட்டு முதல் தடவை வர்ற இடத்துல "பழசை எடுத்துட்டு அங்க புதுசைப் போடறது"ன்னு ஒரு வரி சொல்லிடுங்க. அப்புறம் கடைசி வரைக்கும் ஸ்வாப்தான். ஒரு இடத்துல கட்டம், இன்னொரு இடத்துல பகுதி, அப்புறம் பிளாக், அப்புறம் துண்டுன்னு மாத்தி மாத்தி எழுதினா நாலும் வேற வேறன்னு நெனச்சுக்குவாங்க.

கேள்வி: தேடல் பக்கத்துலேருந்து வேற சைட்டுக்குப் போயிட்டு பேக் பட்டன் அமுக்கினா டிசைன் எதுவும் இல்லாம வெறும் ரிசல்ட் லிஸ்ட் மட்டும் வெள்ளையா வருது. சில சமயம்தான் வருது, டெஸ்ட் பண்ணும்போது வரவே மாட்டேங்குது.

பதில்: ஒரே முகவரிக்கு உங்க சர்வர் ரெண்டு விதமா பதில் சொல்லுதுன்னு நெனக்கறேன், நேரா வந்தா முழு பக்கம், ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் ஹெடரோட வந்தா லிஸ்ட் மட்டும். பிரௌசருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அந்த முகவரிக்கு கடைசியா வந்ததை கேஷ்ல, அதாவது தன் சேமிப்புல, வச்சிருக்கும், பேக் வந்தா அதை எடுத்துக் காட்டிடும். பதில்ல வேரி (Vary)னு ஒரு ஹெடர் வச்சு அதுக்கு ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்ட்னு மதிப்பு குடுத்துடுங்க, ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கும். சில சமயம் மட்டும் வர்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், முகவரியையும் மாத்தற ஹெச்எக்ஸ்-புஷ்-யூஆர்எல் போட்ட பக்கங்கள்ல கடைசி 10 பக்கத்தைத்தான் டூல் ஞாபகம் வச்சுக்கும், அதுக்கும் பின்னாடி போனா சர்வர்கிட்டயே கேக்கும், அப்ப ஹெச்எக்ஸ்-ஹிஸ்டரி-ரிஸ்டோர்-ரிக்வெஸ்ட்னு ஒரு ஹெடர் கூட வரும், அது இருந்தா முழு பக்கம்தான் அனுப்பணும். டெஸ்ட்ல யாரும் 10 பக்கம் பின்னாடி போக மாட்டாங்க, அதான் மாட்டல. உங்க டாகுமென்ட்ல எந்தெந்த முகவரி ரெண்டு விதமா பதில் சொல்லும்னு ஒரு டேபிள் இருக்கட்டும்.

கேள்வி: வெர்ஷன் மாறும்போது பழைய டாகுமென்டை என்ன பண்றது?

பதில்: 2024 ஜூன்ல ஹெச்டிஎம்எக்ஸ் 2.0 வந்துச்சு. அதுல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விட்டுட்டாங்க, டெலீட் ரிக்வெஸ்ட்ல போற தகவல் பாடியில (ரிக்வெஸ்ட்டோட உள்ளடக்கத்துல) போகாம முகவரியிலயே போகுது. பழசை நம்பி எழுதின சர்வர்ல டெலீட் அமைதியா வேலை செய்யாம நின்னுடும். ஒவ்வொரு பக்கத்தோட தலையிலயும் "இது எந்த வெர்ஷன்ல ஓட்டிப் பாத்தது, எந்த தேதியில"ன்னு போடுங்க. ஓட்டிப் பாக்காத பக்கத்துல தேதியை மாத்தாதீங்க.

கேள்வி: எனக்கு பார்வை கிடையாது, ஸ்கிரீன் ரீடர் (திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர்) வச்சு பேங்க் வேலை, ரயில் டிக்கெட் எல்லாம் நானே பண்ணிக்கறேன். இந்த மாதிரி பகுதி மட்டும் மாறற பக்கங்கள்ல பட்டனை அமுக்கினா எதுவுமே சொல்லாது. நடந்துச்சா இல்லையான்னு தெரியாம மறுபடி மறுபடி அமுக்குவேன். உங்க டாகுமென்ட் பேச்சுல எங்களைப் பத்தி ஒரு வரி வருமா?

பதில்: வரணும் அம்மா, முதல்லயே வந்திருக்கணும். போன இதழ்ல நான் எழுதின பதில்ல இது இல்ல, அது என் தப்பு, அதான் உங்க கடிதத்துக்கு இருக்கறதுலயே அதிக நேரம் எடுத்துக்கிட்டேன்.

முழு பக்கமும் ரீலோட் ஆனா ஸ்கிரீன் ரீடர் பக்கத்து தலைப்புலேருந்து படிக்க ஆரம்பிக்கும், ஏதோ நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு மூலையில ஒரு கட்டம் மட்டும் மாறினா அதுக்கு சொல்லணும்னு தோணாது, யாராவது சொல்லி வச்சாத்தான் சொல்லும். அதுக்குத்தான் ஏரியா-லைவ் (aria-live)னு ஒரு அட்ரிபியூட், அதுல பொலைட்னு போட்டா இப்ப படிச்சிட்டு இருக்கறதை முடிச்சுட்டு புதுசா வந்ததைப் படிக்கும், அசர்ட்டிவ்னு போட்டா நடுவுலயே நிறுத்தி சொல்லும். "50 மூட்டை சேர்த்தாச்சு"க்கு பொலைட் போதும்.

டெவலப்பர்கள் இதுல எங்க தப்பு பண்றாங்கன்னா, ஏரியா-லைவ் போட்ட டிவையே அவுட்டர்ஹெச்டிஎம்எல்லா மாத்திடறாங்க. அந்த டிவ் முன்னாடியே பக்கத்துல இருந்து, அதுக்கு உள்ள இருக்கறது மட்டும் மாறினாத்தான் ஸ்கிரீன் ரீடர் நம்பகமா சொல்லும், டிவையே தூக்கிட்டுப் புதுசு வச்சா பல சமயம் பேசாம இருந்துடும். ஸ்டாக் கார்டு முழுசா மாறட்டும், பக்கத்துல தனியா ஒரு சின்ன லைவ் டிவ் நிரந்தரமா இருக்கட்டும், மெசேஜ் அதுக்கு உள்ள மட்டும் வரட்டும். ஒரே பதில்ல ரெண்டு இடத்தை மாத்த ஹெச்எக்ஸ்-ஸ்வாப்-ஓஓபின்னு வசதி இருக்கு, ஆனா அதுல வெறுமனே ட்ரூன்னு போட்டா லைவ் டிவையே மாத்திடும், இன்னர்ஹெச்டிஎம்எல்னு குறிப்பா போடணும்.

அடுத்தது ஃபோகஸ், அதாவது கீபோர்ட் இப்ப எந்த எலிமென்ட்ல நிக்குதுங்கறது. நீங்க அமுக்கின பட்டனும் அந்த கட்டத்துக்குள்ளயே இருந்து மாறிப் போச்சுன்னா நீங்க நின்னுட்டிருந்த இடமே காணாமப் போகுது, திரும்ப பக்கத்து ஆரம்பத்துலேருந்து டேப் அடிச்சு வரணும். ஐடி (எலிமென்ட்டோட தனிப் பேரு) வச்ச இன்புட்டா இருந்து, புதுசா வர்றதுலயும் அதே ஐடி இருந்தா ஹெச்டிஎம்எக்ஸ் ஃபோகஸை அங்கயே திருப்பி வைக்கும். ஐடி வைக்கலன்னா அதுக்கு எது எதுன்னு தெரியாது.

இதைப் படிக்கற டெவலப்பர்களுக்கு: ஒவ்வொரு எக்ஸாம்பிளுக்கும் நாலு விஷயம் எழுதுங்கன்னு மேல சொன்னேன் இல்லையா, அது கூட அஞ்சாவதா "ஸ்கிரீன் ரீடர் என்ன சொல்லும், ஃபோகஸ் எங்க நிக்கும்"னு ஒரு வரி சேருங்க. அதை யோசிச்சு எழுத முடியாது, கேட்டுட்டுத்தான் எழுத முடியும். விண்டோஸ்ல என்விடிஏங்கற ஸ்கிரீன் ரீடர் இலவசம், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள்ல டாக்பேக் கூடவே வரும். மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு, உங்க பக்கத்துல ஒரு விலையை மாத்தி சேவ் பண்ணிப் பாருங்க. காதுல என்ன விழுந்துச்சோ அதை அப்படியே எழுதுங்க, ஒண்ணும் விழலன்னா "ஒண்ணும் சொல்லல"ன்னு எழுதி அடுத்த நாளே சரி பண்ணுங்க.